கர்ப்பப்பையை அகற்றினால் வலி தீருமா?

"பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுத்துத்தான் ஆக வேண்டும்." மாதந்தோறும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் 16 வயது மகளுக்கு நம் இல்லங்களில் கிடைக்கும் முதல் மருந்து இந்தச் சொல்தான். "நிக்காஹ் ஆகிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார் நன்னி. நிக்காஹ் ஆகிறது, வலி நிற்பதில்லை. "ஒரு பிள்ளை பிறந்தால் தீர்ந்துவிடும்" என்கிறார் மாமியார். பிள்ளைகளும் பிறக்கின்றன, வலியோ கூடுகிறது. அவள் 35 வயதை எட்டும்போது அதே வாய்கள் வேறொன்று சொல்லத் தொடங்குகின்றன: "பிள்ளைகள்தான் பிறந்துவிட்டார்களே, இனி அந்தப் பை எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதி!"

அன்புச் சகோதரிகளே! இந்த இருபது ஆண்டுகளில் "வலிக்குக் காரணம் யாது?" என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பொறுத்துக்கொள் என்று கூறியதும் ஆராயாமல் கூறியது; அகற்றிவிடு என்று கூறுவதும் ஆராயாமல் கூறுவதே. இவ்விரண்டுக்கும் இடையே சிந்தித்துத் தெளிய வேண்டிய செய்திகள் பல உள்ளன. அவற்றை நம் தாய்மார்களும் சகோதரிகளும், அவர்களுடைய கணவன்மார்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நோய் எங்கே இருக்கிறது?

கர்ப்பப்பையின் உட்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. மாதந்தோறும் அது தடித்து வளர்ந்து, கரு தங்காத நிலையில் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. இந்தச் சவ்வைப் போன்ற திசுக்கள் கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பைகளின் மீதும், கர்ப்பப்பைக்குப் பின்புறமும், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மேற்புறத்திலும் படர்ந்து வளர்வதையே எண்டோமெட்ரியோசிஸ் என்கின்றனர் மருத்துவர்கள். ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப இத்திசுக்களும் தடிக்கின்றன, கசிகின்றன. ஆனால் அந்தக் கசிவு வெளியேற வழியில்லை. எனவே அவ்விடம் அழற்சியுற்று, தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால் அதன் நிறத்தைக் கொண்டு "சாக்லேட் கட்டி" என்பர்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் 19 கோடிப் பெண்களுக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிடாயின்போது கடும் வலி, தாம்பத்திய உறவின்போது வலி, மலம் கழிக்கும்போது வலி, ஓயாத அசதி, பிள்ளைப்பேறு தாமதமாதல் ஆகியன இதன் அடையாளங்கள். எல்லாருக்கும் எல்லா அடையாளங்களும் இருப்பதில்லை. நோயின் அளவும் வலியின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. சிறு புள்ளிகளே உள்ள ஒருத்தி துடிப்பாள். பெரிய கட்டியுடைய மற்றொருத்திக்கு வலியே தெரியாது. ஆகவே "ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, இவள் நடிக்கிறாள்" என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது.

இங்கு ஒரு முக்கியச் செய்தியை மனத்தில் இருத்த வேண்டுகிறேன். எண்டோமெட்ரியோசிஸ் கர்ப்பப்பைக்கு வெளியே உள்ள நோய். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, வெளியே படர்ந்துள்ள திசுக்களை அப்படியே விட்டுவிட்டால் நோய் உள்ளேயே இருக்கும், வலியும் இருக்கக்கூடும்.

ஆயினும் இதற்கு உடன்பிறப்புப் போன்ற வேறொரு நோயும் உண்டு. அதே வகைத் திசு கர்ப்பப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே ஊடுருவி வளர்ந்தால் அது அடினோமயோசிஸ் எனப்படும். கர்ப்பப்பை பருத்து, உதிரப்போக்கு மிகுந்து, வலியும் வாட்டும். இந்நோய் இருப்பது கர்ப்பப்பையிலேயே ஆதலால், அதை அகற்றுவது இந்நோயை வேரோடு நீக்கும். ஒரே பெண்ணுக்கு இவ்விரு நோய்களும் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே அறுவை பற்றிப் பேசுவதற்கு முன் தெளிய வேண்டிய முதற்கேள்வி, உங்கள் வலிக்குக் காரணம் இவ்விரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதே. அனுபவமுள்ள மருத்துவர் செய்யும் உட்புற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதற்குப் பெரிதும் உதவும். முன்பு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும் என்றிருந்தனர். 2022 இல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, ஸ்கேனில் தெரியாதபோதும் மருந்து பலனளிக்காதபோதும் மட்டுமே அது தேவைப்படுகிறது.

மருந்துகளும் நம் தயக்கங்களும்

வலிக்குக் கர்ப்பப்பையை அகற்றுவது கடைசிப் படி. அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் சில உள்ளன.

மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி நிவாரணிகள் முதற்படி. அடுத்து ஹார்மோன் மருந்துகள்: கருத்தடைக்காகவும் பயன்படும் கூட்டு ஹார்மோன் மாத்திரைகள், நாள்தோறும் 2 மில்லிகிராம் உட்கொள்ளும் டைனோஜெஸ்ட் மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கர்ப்பப்பைக்குள் கசியவிடும் சாதனம். இவற்றுக்கும் வலி அடங்காதபோது, சினைப்பைகளின் செயலைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் ஊசிகள் உள்ளன. எலும்பின் வலிமையைக் குறைக்கக்கூடியவை என்பதால் அவற்றை நெடுங்காலம் தனியே தருவதில்லை. பின்னர், கர்ப்பப்பையைத் தொடாமல், படர்ந்த திசுக்களையும் கட்டிகளையும் மட்டும் லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றும் அறுவை. இவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பதை வயது, பிள்ளை விருப்பம், மற்ற நோய்கள் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இரத்தம் உறையும் நோயுள்ளோருக்கும், சிலவகை ஒற்றைத் தலைவலியுள்ளோருக்கும் கூட்டு ஹார்மோன் மாத்திரைகள் ஆகா.

இம்மருந்துகளைக் குறித்து நம் இல்லங்களில் இரு தயக்கங்கள் உள்ளன. முதலாவது, "மணமாகாத பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையா?" என்னும் கூச்சம். மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி மகளைத் துடிக்க விடும் பெற்றோர் உண்டு. நோய்க்கு மருந்தாகத் தரப்படுவதை நோய்க்கு மருந்தாகவே காண வேண்டும். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்னும் நபிமொழியை நாம் குழந்தைப் பருவத்திலேயே மதரஸாவில் கற்றிருக்கிறோம் அன்றோ?

இரண்டாவது, தொழுகை பற்றிய கவலை. டைனோஜெஸ்ட் மாத்திரையும் கர்ப்பப்பைச் சாதனமும் தொடங்கிய முதல் சில மாதங்களில், சொட்டுச் சொட்டாகக் காலம் தவறிய உதிரப்போக்கு ஏற்படுவது வழக்கம். "இது ஹைளா, இஸ்திஹாளாவா? தொழலாமா, கூடாதா?" என்று குழம்பி, மருந்தையே நிறுத்திவிடும் சகோதரிகள் பலர். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரப்போக்கு நிற்காதது குறித்து நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெற்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வழக்கமான நாட்களுக்குரிய சட்டம் வேறு, நோயால் வரும் உதிரத்துக்குரிய சட்டம் வேறு என்பது அதனால் நமக்குக் கிடைத்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். மிகுந்த அளவு 15 நாட்கள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாட்கள். மிகுந்தது 10 நாட்கள். எனவே ஒரு குறிப்பேட்டில் உதிரம் கண்ட நாள், நின்ற நாள், நிறம், வலியின் அளவு ஆகியவற்றைத் தவறாது எழுதி வாருங்கள். அந்த ஒரே குறிப்பேடு மருத்துவருக்கும் உதவும். உங்கள் ஊர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ சட்டம் கேட்கும்போதும் உதவும். மருந்தை நிறுத்தத் தேவையில்லை.

அகற்றினால் என்ன ஆகும்?

மருந்துகளைப் பார்த்தாயிற்று, வலி தீரவில்லை. பிள்ளை வேண்டும் என்னும் விருப்பமும் நிறைவேறிவிட்டது, அல்லது அவ்விருப்பத்தை அப்பெண்ணே முழு மனத்துடன் விட்டுவிட்டாள். அந்நிலையில் கர்ப்பப்பையை அகற்றுவது பற்றிச் சிந்திக்கலாம் என்பதே மேற்கூறிய 2022 ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளின் நிலைப்பாடு. அதே நெறிகள் இரு நிபந்தனைகளையும் சேர்த்தே கூறுகின்றன. கர்ப்பப்பையை எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் நோய்த்திசுக்கள் அனைத்தையும் சேர்த்தே அகற்ற வேண்டும். அகற்றிய பின்னரும் வலி முற்றிலும் தீராமல் போகலாம் என்பதை நோயாளிக்கு முன்னதாகவே விளக்கிவிட வேண்டும்.

ஏன் தீராமல் போகலாம்? நோய்த்திசு எங்கேனும் எஞ்சியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வலியில் உழன்ற நரம்புகள், காரணம் நீங்கிய பின்னும் வலியை உணர்த்திக்கொண்டிருக்கலாம். அடிவயிற்றுத் தசைகளின் இறுக்கமோ, குடல், சிறுநீர்ப்பைக் கோளாறுகளோ வலியில் பங்கு கொண்டிருக்கலாம். நாள்தோறும் வரும் வலியையும் மாதவிடாயோடு வந்து போகும் வலியையும் பிரித்தறிவது இதனால்தான் அவசியமாகிறது.

அடுத்து எழும் கேள்வி, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுப்பதா என்பது. இந்நோய்த்திசுக்களை வளர்ப்பது சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். ஆகையால் அவற்றையும் எடுத்துவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறையும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 1995 இல் வெளிவந்த ஆய்வு, கர்ப்பப்பை அகற்றப்பட்ட 138 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. சினைப்பையை விட்டுவைத்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு மீண்டும் அறுவை தேவைப்பட்டது. இரு சினைப்பைகளையும் எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்க்கே தேவைப்பட்டது. 2008 இல் கிளீவ்லாண்ட் மருத்துவமனை ஆய்வு ஏழாண்டுக் கணக்கைத் தந்தது. நோய்த்திசுக்களை மட்டும் அகற்றிக்கொண்டவர்களில் மறு அறுவையின்றி இருந்தவர் 100 க்கு ஏறத்தாழ 45 பேர். கர்ப்பப்பையை எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தவர்களில் 77 பேர். இரண்டையும் எடுத்தவர்களில் 92 பேர்.

இவ்வெண்களைப் பார்த்து "அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதே மேல்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்த 2008 ஆம் ஆண்டு ஆய்விலேயே, 30 முதல் 39 வயதுக்குட்பட்டவர்களில் சினைப்பைகளை எடுத்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் காணப்படவில்லை. சினைப்பைகளை எடுத்த மறுநாளே அப்பெண் மாதவிடாய் நின்ற பருவத்தை அடைந்துவிடுகிறாள். உடல் தகிப்பு, உறக்கமின்மை, வறட்சி ஆகியவை உடனே தோன்றும். எலும்புத் தேய்வும் இதயநோயும் வரும் வாய்ப்பு நாளடைவில் கூடும். 35 வயதில் எடுத்துவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலும் ஹார்மோன் மாத்திரை உட்கொள்ள வேண்டிவரும். அதையும் எந்த வகை என்று மருத்துவர் ஆராய்ந்தே தர வேண்டும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்குச் சற்று முன்னதாகவே அப்பருவம் வந்துவிடுவதுண்டு.

மேலும், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள வயிற்றில் உறுப்புகள் ஒட்டிக்கிடப்பதால் இவ்வறுவை சாதாரணக் கர்ப்பப்பை அறுவையைவிடக் கடினமானது. குடல், சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் ஆகியவற்றில் காயம் நேரும் அபாயம் உண்டு. ஆகவே இந்நோய்க்கான அறுவையில் பழக்கமுள்ள மருத்துவரைத் தேடிச் செல்வது, சற்றுத் தொலைவாயினும், வீண் அலைச்சல் ஆகாது.

நம் நாட்டின் நிலை

2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 3 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இவ்வளவு மிகவும் கூடுதல். இவற்றில் பெரும்பாலானவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. காரணங்களில் முதலிடம் பெறுவது அதிக உதிரப்போக்கும் வலியும்தான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் ஏழைப் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்ட செய்தி 2019 இல் நாட்டையே அதிரச் செய்தது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே ஒரு மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தால், மற்றொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பது அவமதிப்பு ஆகாது. வலிக்காகச் செய்யப்படும் இவ்வறுவை பெரும்பாலும் அவசர அறுவை அன்று. ஒரு மாதம் சிந்திக்கக் காலம் உண்டு.

மார்க்கம் தடுக்கிறதா?

"அல்லாஹ் கொடுத்த உறுப்பை அகற்றலாமா?" என்று இறையச்சமுடைய சகோதரிகள் கேட்பது இயல்பே. மாதவிடாய் என்பது பெண்ணுக்குத் தொல்லை தரக்கூடியது என்பதைத் திருக்குர்ஆனின் 2 ஆம் அத்தியாயம் 222 ஆம் வசனமே உணர்த்துகிறது. பெண்ணின் வலியை இழிவாகவோ பொய்யாகவோ மார்க்கம் பார்க்கவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறும், இறைவன் நோயை இறக்கியபோது அதற்கு நிவாரணத்தையும் இறக்கியே உள்ளான் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உண்டு.

பிள்ளை பெறும் ஆற்றலைத் தேவையின்றி நிரந்தரமாக அழித்துக்கொள்வதை மார்க்கம் ஏற்பதில்லை. அதே வேளையில் நிர்ப்பந்தத்திற்கு வேறு சட்டம் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, ஆணோ பெண்ணோ மலடாக்கிக்கொள்வது கூடாது என்றும், ஷரீஅத்தின் அளவுகோலின்படி நிர்ப்பந்தம் ஏற்படும்போது அதற்கு விலக்கு உண்டு என்றும் தீர்மானித்தது. பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள ஒரு சாக்காக அறுவை செய்துகொள்வது வேறு. மற்ற வழிகளையெல்லாம் பார்த்துத் தீராத நோய்க்காக, நம்பகமான மருத்துவரின் கருத்தின்படி செய்துகொள்வது வேறு. உங்கள் நிலை எதில் அடங்கும் என்பதை, மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிம்களிடம் கேளுங்கள். "ஆபரேஷன் செய்யலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும்.

பெண் மருத்துவரை நாடுவது நம் வழக்கம். அதுவே முறையும் ஆகும். தகுதியுள்ள பெண் மருத்துவர் கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதற்கு அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளனர். கணவரோ தாயோ செவிலியரோ உடனிருக்கட்டும். நாணத்தின் பெயரால் உறவின்போது உண்டாகும் வலியை மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள். நோயை அடையாளம் காண அது முக்கியக் குறிப்பு. மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நினைவில் கொள்ளுங்கள்.

முடிவு யாருடையது?

டில்லியைச் சேர்ந்த 44 வயதுடைய, மணமாகாத பெண்மணி ஒருவர் 1995 மே மாதத்தில் நீடித்த உதிரப்போக்குக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கு அவர் ஒப்புதல் தந்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்ட மருத்துவர், வெளியே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்று, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு மிகத் தெளிவானது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து அப்பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும். வயது வந்த, தெளிந்த மனமுடைய பெண்ணின் சார்பில் தாய் தரும் ஒப்புதல் செல்லாது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் உறுப்பை அகற்றுவதற்கான ஒப்புதல் ஆகாது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இதை ஏன் இங்கே கூறுகிறோம் எனில், நம் இல்லங்களில் இம்முடிவைப் பெரும்பாலும் எடுப்பவர் வலியை அனுபவிப்பவர் அல்லர். சில வீடுகளில் மாமியாரும் நாத்தனாரும் கூடி "எடுத்துவிடு" என்கின்றனர். வேறு சில வீடுகளில் "இன்னும் ஓர் ஆண் பிள்ளை வேண்டும்" என்று கணவர் அறுவையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார். அவளோ மாதத்தில் பாதி நாட்கள் படுக்கையில் கிடக்கிறாள். முன்னது அவசரம், பின்னது அநீதி.

கணவன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைப்பேறு உங்கள் இருவர் வாழ்வையும் பற்றியது. எனவே உங்களோடு கலந்தாலோசிப்பது முறை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் இடப்படும் கையெழுத்து அவளுடையதாகவும், அதன் பின்னுள்ள மனமும் அவளுடையதாகவும் இருக்க வேண்டும். மருத்துவரிடம் அவளோடு நீங்களும் சென்று அமருங்கள். மருத்துவர் கூறுவதை உங்கள் காதால் கேளுங்கள். கர்ப்பப்பை அகற்றப்பட்டால் தாம்பத்தியம் முடிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். உடல் ஆறிய பின் உறவுக்குத் தடையில்லை. முன்பு வலியால் விலகி இருந்த மனைவிக்கு இது ஆறுதலாக அமைவதும் உண்டு. "இனி இவள் எதற்கும் உதவாதவள்" என்று உறவினர் பேசத் துணிந்தால், அப்பேச்சை முதலில் தடுக்க வேண்டியவர் நீங்களே.

கேட்டுத் தெளிய வேண்டியவை

மருத்துவரிடம் செல்லும்போது கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. எனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸா, அடினோமயோசிஸா, இரண்டுமா? எந்த ஸ்கேனால் உறுதி செய்தீர்கள்?

2. நான் இன்னும் பயன்படுத்திப் பார்க்காத மருந்து ஏதேனும் உள்ளதா?

3. கர்ப்பப்பையை எடுக்காமல் நோய்த்திசுக்களை மட்டும் அகற்ற இயலுமா?

4. கர்ப்பப்பையை எடுத்தால் வெளியே உள்ள நோய்த்திசுக்களையும் அதே அறுவையில் அகற்றுவீர்களா? குடலில் இருந்தால் அதற்கான அறுவை நிபுணர் உடனிருப்பாரா?

5. என் சினைப்பைகளை எடுப்பீர்களா? எடுத்தால் ஹார்மோன் மாத்திரை தருவீர்களா, எத்தனை ஆண்டுகளுக்கு?

6. மயக்கத்தில் இருக்கும்போது எதிர்பாராத ஒன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள்? இதற்கான பதிலை ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் கூறும் மருத்துவரே உங்கள் மருத்துவர். பின்னர் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "வலி பாதியாகக் குறைந்தால், முற்றிலும் தீராவிட்டாலும், இவ்வறுவை எனக்குப் போதுமா?" இதற்கு ஆம் என்று உங்கள் உள்ளம் கூறினால், பின்னர் வருந்த நேரும் வாய்ப்புக் குறைவு.

அதன் பின்னரே இஸ்திகாரா. விசாரித்து, ஆலோசித்து, ஒரு பக்கம் மனம் சாய்ந்த பின், இரண்டு ரக்அத் தொழுது நலமானதை எளிதாக்கித் தரும்படி இறைவனிடம் கேட்பதே அதன் முறை. கனவில் பச்சையும் சிவப்பும் தெரிய வேண்டும் என்று காத்திருப்பது அதன் நிபந்தனை அன்று.

அறுவைக்குப் பின்

வயிற்றைத் திறந்து செய்த அறுவையானால் உடல் தேற ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆகும். லேப்ராஸ்கோப்பியானால் விரைவாகத் தேறலாம். எவ்வகையாயினும் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்குவதும், தாம்பத்திய உறவும் மருத்துவர் அனுமதிக்கும்வரை கூடா. "ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாயிற்றே, இன்னுமா படுக்கை?" என்று கேட்கும் வீடாக உங்கள் வீடு இருக்கலாகாது. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் படுத்தும் தொழலாம் என்று நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த சலுகை உங்களுக்கும் உரியது. தண்ணீர் படக்கூடாத காயத்திற்குத் தயம்மும் முதலிய சலுகைகள் உண்டு. அறுவைக்கு முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்றுவிட்டதால் சிலர், "கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு இத்தா எதற்கு?" என்று கேட்பதுண்டு. கணவரை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா கர்ப்பப்பை இருப்பதைப் பொறுத்தது அன்று. அது அவளுக்கும் கடமையே.

அறுவைக்குப் பின் சிலருக்கு மனம் வெறுமையாகும். காரணமின்றி அழுகை வரும். அதை நன்றிகெட்டதனம் என்று கருதாதீர்கள். இழப்பும் நிம்மதியும் ஒரே உள்ளத்தில் ஒன்றாக வாழக்கூடும். வீட்டார் ஆதரவும், தேவைப்பட்டால் மருத்துவரின் ஆலோசனையும் அவளைத் தேற்றும்.

சகோதரிகளே! பொறுமைக்கு இறைவனிடம் பெருங்கூலி உண்டு, ஐயமில்லை. ஆனால் சிகிச்சை தேடுவது பொறுமைக்கு எதிரானது அன்று. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு மருந்தால் வலியைக் கட்டுப்படுத்தி வாழும் பெண்ணும், எல்லா வழிகளையும் பார்த்தபின் அதை அகற்றிக்கொண்ட பெண்ணும், அறிந்து தெளிந்து முடிவெடுத்தவர்களாயின் இருவருமே சரியான வழியில் நிற்பவர்கள்தாம். நம் பெண்மக்களின் வலியைக் கேட்கும் செவியையும், அதைத் தீர்க்க முயலும் உள்ளத்தையும் நம் குடும்பங்களுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! நோயுற்ற ஒவ்வொருவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.